எழுதி வைத்ததும் அனுப்பி வைத்ததும்

(லினக்ஸ் பயனர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2008 மே 13 அன்று டெபியன் திட்டம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் 2006 செப்டம்பருக்குப் பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தைக் கொண்டு உருவாக்கிய ரகசியச் சாவிகளை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள் என்றது அந்த அறிவிப்பு. சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவி, இணையதளச் சான்றிதழின் சாவி, ஓப்பன்விபிஎன் சாவி எல்லாமே இதில் அடக்கம். ஏறத்தாழ இருபது மாதங்களாக உலகெங்கும் இப்படி உருவான சாவிகள் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டன.

நடந்தது என்ன? அந்த நிரலகத்தை டெபியனுக்காகப் பராமரித்தவருக்கு ஒரு பிழை முறையீடு வந்தது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி, இந்த நிரலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களில் எல்லாம் எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது என்பதுதான் முறையீடு. எச்சரிக்கைக்குக் காரணமான வரி இரண்டு இடங்களில் ஒரே மாதிரி இருந்தது. அவர் இரண்டையும் செயலிழக்கச் செய்தார். ஓரிடத்தில் அதனால் பெரிய சேதம் இல்லை. மற்ற இடத்தில் இருந்த வரியோ, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலவைக்குள் சேர்க்கும் வரி. அது போனதும், கலவையில் மிஞ்சியது இயங்கும் நிரலின் செயல்முறை எண் மட்டுமே. அன்றைய லினக்ஸில் அந்த எண் 32,768-க்குள் அடங்கிவிடும். எண்ணிப் பார்க்கவே முடியாத பரப்பிலிருந்து பிறக்க வேண்டிய சாவி, ஒரே மாலையில் முழுவதும் முயன்று பார்த்துவிடக்கூடிய சின்னப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

அந்தப் பராமரிப்பாளர் அலட்சியக்காரர் அல்லர். மாற்றம் செய்வதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களின் மடலாடற்குழுவில் கேட்டார். பிழை தேட உதவுமானால் நீக்கிவிடலாம் என்ற பொருளில் பதிலும் வந்தது. ஆக, மனிதரைக் குறை சொல்லி இந்தக் கதையை முடித்துவிட முடியாது. என்னை உறுத்துவது வேறு. அந்த மாற்றம் ஒளிந்திருக்கவில்லை. டெபியனின் மூலக்கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று வழக்கிலிருந்த பொதி வடிவத்தில், மூல நிரலின்மேல் டெபியன் செய்த எல்லா மாற்றங்களும் ஒரே டிஃப் கோப்பாகச் சுருட்டப்பட்டிருந்தன. கட்டமைப்புக் கோப்புகள், சேஞ்ச்லாக், உதவிப் பக்கங்கள் ஆகியவற்றோடு சேர்ந்து, குறியாக்கத்தின் உயிர்நாடியைத் தொட்ட அந்த இரண்டு வரியும் அதில் கிடந்தன. இது மிக முக்கியமான மாற்றம், மூல ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அந்தக் கோப்பைத் திறப்பவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இன்று நான் பேச வந்த பொருள் அதிலிருந்துதான் பிறக்கிறது. லினக்ஸ் வழங்கல் ஒன்றில் பொதியைப் பராமரிப்பவர் கையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, மூலத் திட்டத்தார் வெளியிட்ட நிரல். இரண்டாவது, அதன்மேல் நாம் செய்த மாற்றம். மூன்றாவது, இரண்டும் சேர்ந்து கட்டப்பட்டுப் பயனரின் கணினிக்குப் போகும் கோப்பு. இந்த மூன்றையும் யார் எப்போது கேட்டாலும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டவும், முதலிரண்டும் சேர்ந்தால் சரியாக மூன்றாவது கிடைக்கும் என்று நிரூபிக்கவும்தான் பதிப்புக் கட்டுப்பாடு. வழங்கல்களில் நடக்கும் கிட் பிழைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். அநேகமாக எல்லாமே, களஞ்சியத்தில் எழுதி வைத்ததும் பயனருக்கு அனுப்பி வைத்ததும் சத்தமில்லாமல் விலகிப்போன இடங்களாகவே இருக்கும்.

முதலில் பேட்ச், அதாவது மூல நிரலின்மேல் நாம் செய்யும் மாற்றம். டெபியனில் 2009-இல் புழக்கத்துக்கு வந்த 3.0 குவில்ட் என்ற மூலப்பொதி வடிவம், ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பேட்சின் தலையிலும் என்ன எழுத வேண்டும் என்பதற்கு டெப்-3 என்ற நெறிமுறை உண்டு. இது எதற்காக, யார் எழுதியது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா, அனுப்பவில்லை என்றால் ஏன் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இருக்க வேண்டும். கடைசிக் கேள்விதான் என் கணக்கில் மிகப் பெரியது. மூலத் திட்டத்துக்கு அனுப்பாத பேட்ச் ஒவ்வொன்றும் நாம் தனியாகச் சுமக்கும் கடன். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதை மறுபடி பொருத்த வேண்டும். எதற்காகப் போட்டோம் என்பது மறந்த பிறகும் பொருத்திக்கொண்டே இருப்போம்.

வசதிக்காகச் செய்யும் சில காரியங்கள் இந்த ஒழுங்கைக் கெடுத்துவிடும். மூல நிரலின் கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டுக் கமிட் செய்வது அவற்றில் ஒன்று. மூலப்பொதியைக் கட்டும் கருவியான டிபிகேஜி-சோர்ஸ் அதைப் பார்த்ததும், எதிர்பாராத மாற்றம் என்று சொல்லி நின்றுவிடும். அந்த நிலையில், தானாகவே ஒரு பேட்சாக்கிக்கொள் என்று கட்டளை கொடுத்துத் தப்பிக்கும் வழியும் இருக்கிறது. அப்படிப் பிறக்கும் பேட்சில் விளக்கம் இருக்காது. நான்கு தனி வேலைகள் ஒரே மூட்டையாகக் கிடக்கும். 2006-இல் இருந்த நிலைக்கே நம் கையால் திரும்பிப் போகிறோம். கருவி நின்று கேட்கும்போது இரண்டு நிமிடம் செலவழித்து, மாற்றத்தைப் பிரித்து, காரணத்தை எழுதிவிடுங்கள்.

இனி, மூலத் திட்டத்தார் வெளியிடும் கோப்புத் தொகுப்பான டார்பாலுக்கு வருவோம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலகத்தில் ஒரு பின்வாசல் இருப்பதை வெளிப்படுத்தினார். டெபியனின் நிலையற்ற பதிப்பில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அதன் வேரைத் தேடிப் போனவர் அவர். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகள் நச்சேறியிருந்தன. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் நச்சு நிரல் கிட் களஞ்சியத்திலேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை எழுப்பி இயங்க வைக்கும் கோப்பு களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார்பாலுக்குள் மட்டும் இருந்தது. அதுவும் டெப் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டப்படும் சூழலைக் கண்டால்தான் விழித்துக்கொள்ளும். பொதி பராமரிப்பாளர்களைக் குறி வைத்தே பின்னப்பட்ட வலை அது.

டார்பாலில் இருப்பதும் கிட்டில் இருப்பதும் வேறுபடுவது ஆட்டோடூல்ஸ் பயன்படுத்தும் திட்டங்களில் சகஜம். கான்ஃபிகர் போன்ற கோப்புகளை வெளியீட்டின்போது உருவாக்கி டார்பாலில் சேர்ப்பார்கள். அந்தச் சகஜமே திரையாகிவிட்டது. ஆயிரக்கணக்கான வரி இயந்திர வெளியீட்டை யார் படிக்கப் போகிறார்கள்? விஷயம் வெளியானதும் ஆர்ச் லினக்ஸ், டார்பாலைக் கைவிட்டு, கிட் டேகிலிருந்து நேரடியாகக் கட்டிய 5.6.1-2 பொதியை வெளியிட்டது. ஒவ்வொரு புதிய பதிப்பையும் இறக்கும்போது, டார்பாலை அதே பதிப்பின் கிட் டேகோடு ஒப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும். முடியாத கோப்பு ஒன்று கிடந்தால் அங்கேயே நில்லுங்கள்.

சரிபார்ப்புத் தொகை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. நேற்று இறக்கிய கோப்புதான் இன்றும் இருக்கிறது என்று அது சொல்லும்; அந்தக் கோப்பு நல்லதா என்று சொல்லாது. இன்னொரு பக்கமும் உண்டு. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் டார்பால்களின் சுருக்கும் முறை மாறியது. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. வெளியே சரிபார்ப்புத் தொகை மட்டும் மாறிவிட்டது. பல இடங்களில் கட்டுமானங்கள் உடைந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அன்றே பழைய முறைக்குத் திரும்பினார்கள். தொகை பொருந்தவில்லை என்றால் புதிய தொகையை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தொகை மாறியது கள்ளத்தனத்தாலா, சுருக்கு முறையாலா என்று பார்க்காமல் அப்படிச் செய்வது காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதுதான். இரண்டு டார்பாலையும் விரித்து ஒப்பிடுங்கள். பிறகு தொகையை மாற்றுங்கள்.

எக்ஸ்இசட் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது, பதிப்பெண்களைப் பற்றி. டெபியன் பழைய 5.4.5-க்குத் திரும்ப வேண்டும். ஆனால் பயனர்களின் கணினியில் ஏற்கெனவே 5.6.1 இருக்கிறது. 5.4.5 என்று அனுப்பினால், இது பழசு என்று ஏபிடி ஒதுக்கிவிடும். அதனால் 5.6.1+ரியலி5.4.5-1 என்று பெயரிட்டு அனுப்பினார்கள். உள்ளே இருப்பது 5.4.5. வரிசையில் மட்டும் 5.6.1-க்கு மேல் நிற்கும். அடுத்து 5.6.2 வந்ததும் இந்த ஒட்டுப் பெயர் தானாக உதிர்ந்துவிடும். அழகான தீர்வு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு மாற்றாக எப்பாக் என்ற ஒன்று உண்டு. பதிப்பெண்ணுக்கு முன்னால் ஓர் எண்ணையும் முக்காற்புள்ளியையும் போட்டுவிட்டால், பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் பெரியது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பொதி டெபியனில் 1: என்று தொடங்குகிறது, விம் 2: என்று தொடங்குகிறது. ஒருமுறை போட்ட எப்பாக்கைப் பிறகு எடுக்கவே முடியாது. அந்தப் பொதியைச் சார்ந்த எல்லாப் பொதிகளும் சார்புப் பதிப்பைக் குறிப்பிடும்போது அந்த எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுத மறந்தால், இந்தப் பதிப்புக்கு மேல் வேண்டும் என்ற நிபந்தனைக்கு அர்த்தமே இருக்காது. போதாக்குறைக்கு, டெப் கோப்பின் பெயரில் எப்பாக் வராது. ஆக, தவறுதலாகப் பெரிய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டோம் என்ற அவசரத்தில் எப்பாக்கைத் தொடாதீர்கள். மூலத் திட்டமே தன் எண்ணிடும் முறையை நிரந்தரமாக மாற்றி, இனி வரும் எண்கள் எல்லாம் சிறியவை என்று ஆன பிறகுதான் அதற்கு வேலை.

தவறுதலாகப் பெரிய எண் போகும் விபத்து நடக்காமலிருக்க அலைக்குறி இருக்கிறது. டிபிகேஜியின் வரிசையில் அலைக்குறி எல்லாவற்றுக்கும் முந்தியது, வெறுமைக்கும் முந்தியது. அதனால் 1.0~ஆர்சி1 என்பது 1.0-க்கு முன்னால் வரும். அலைக்குறி இல்லாமல் 1.0ஆர்சி1 என்று அனுப்பினால், பிறகு வரும் உண்மையான 1.0 அதைவிடச் சிறியதாகி, யாருக்கும் போய்ச் சேராது. கிட் டேகின் பெயரில் அலைக்குறியும் முக்காற்புள்ளியும் செல்லாது. டெபியனில் அலைக்குறிக்கு அடிக்கோட்டையும் முக்காற்புள்ளிக்கு விழுக்காட்டுக் குறியையும் போடுவது வழக்கம். இதை ஆளுக்கொரு விதமாகச் செய்தால் எந்த டேக் எந்தப் பதிவேற்றம் என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் டிபிகேஜியிடமே இரண்டு எண்களையும் கொடுத்து எது பெரியது என்று கேட்டுவிடலாம். ஒரு நொடி வேலை.

இப்போது, அதிகம் பேசப்படாத ஒரு பிழைக்கு வருகிறேன். டெபியனில் ஒரு பொதியின் பராமரிப்பாளர் வேலையில் மூழ்கிக் கிடக்கிறார், அவசரப் பிழை ஒன்று காத்திருக்கிறது என்றால், வேறொரு டெவலப்பர் அதைத் திருத்திப் பதிவேற்றலாம். இதை என்எம்யு, அதாவது பராமரிப்பாளர் அல்லாதவரின் பதிவேற்றம் என்பார்கள். இது டெபியனின் உன்னதமான ஏற்பாடுகளில் ஒன்று. தன் பெயரில் இல்லாத பொதிக்காக ஒருவர் தன் இரவைக் கொடுக்கிறார். பொதி 1.2-3 ஆக இருந்தால், அவர் பதிவேற்றுவது 1.2-3.1 ஆகும். அவர் நேரே டெபியனின் பொதி ஆவணக்களஞ்சியத்துக்குப் பதிவேற்றுகிறார். பராமரிப்பாளரின் கிட் களஞ்சியத்தில் எழுத அவருக்கு உரிமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நான்கு மாதம் கழித்துப் பராமரிப்பாளர் திரும்பி வருகிறார். அவருடைய கிட்டில் கடைசியாக இருப்பது 1.2-3. அதன்மேல் தன் வேலையைச் செய்து 1.2-4 என்று பதிவேற்றுகிறார். 3.1-ஐ விட 4 பெரியது. ஆவணக்களஞ்சியம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்த மோதலும் இல்லை. 3.1-இல் திருத்திய பிழை நிலையற்ற பதிப்பின் பயனர்களிடம் சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. அது பாதுகாப்புப் பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிட் இரண்டு கமிட்டுகள் மோதினால் சொல்லும். தன்னிடம் வந்தே சேராத மாற்றத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

டெபியனின் பிழைப் பட்டியல் இதைக் கண்டுகொள்ளும். எந்தப் பதிப்பு எதிலிருந்து வந்தது என்பதை அது சேஞ்ச்லாகைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. 1.2-4-இன் சேஞ்ச்லாகில் 3.1-க்கான பத்தி இல்லை என்றால், அந்தப் பிழை இந்தப் பதிப்பில் இன்னும் இருக்கிறது என்று கணக்கிடும். சரியான கணக்கு. ஆனால் அதற்குள் பொதி போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கு மருந்து மிக எளியது. பதிவேற்றுவதற்கு முன், இப்போது ஆவணக்களஞ்சியத்தில் இருக்கும் மூலப்பொதியை இறக்கி, நாம் அனுப்பப் போவதோடு டெப்டிஃப் கருவியால் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும், விலக்கே இல்லாமல். நாம் செய்யாத ஒரு மாற்றம் நீக்கப்படுவதாக அதில் தெரிந்தால் நின்றுவிட்டு, அந்த இடைப் பதிவேற்றத்தைக் கிட்டுக்குள் கொண்டுவந்து, அதன்மேல் நம் வேலையை மறுபடி வைக்க வேண்டும். டெபியன் பொதிகளைக் கிட்டில் பராமரிக்க உதவும் கிட்-பில்ட்பேக்கேஜில் அதற்கான கட்டளை இருக்கிறது. பராமரிப்பாளர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுத் தரலாம் என்றால் நான் இதைத்தான் கற்றுத் தருவேன். மேலே சொன்ன பிழைகளில் பாதியை இது வாசலிலேயே பிடித்துவிடும்.

கிட்டில் இருப்பதும் ஆவணக்களஞ்சியத்தில் இருப்பதும் இப்படிப் பிரிந்து நிற்க முடிகிறதே, அது ஏன் என்று இளையவர்கள் கேட்பது நியாயம். ஃபெடோராவில் அதிகாரப்பூர்வக் கட்டுமானத்தை கோஜி என்ற அமைப்பு, மையக் கிட் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்த குறிப்பிட்ட கமிட்டிலிருந்து செய்கிறது. உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் மாற்றம் பயனருக்குப் போகவே முடியாது. டெபியன் 1993-இல் பிறந்தது, கிட் 2005-இல். மூலப்பொதியைக் கையொப்பமிட்டுப் பதிவேற்றும் முறை கிட்டுக்கு மூத்தது. இன்றும் அதுதான் அதிகாரப்பூர்வமானது. கிட் பராமரிப்பாளரின் பட்டறை. இந்த இடைவெளியை மூட டிகிட் என்ற கருவி வந்தது. கையொப்பமிட்ட கிட் டேகை அனுப்பினால் அதிலிருந்தே மூலப்பொதி உருவாகும் டேக்டுஅப்லோட் என்ற சேவை 2025-இல் பரிசோதனைப் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தத் திசைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். அது முழுமையாக வந்து சேரும்வரை டெப்டிஃப்பை விடாதீர்கள்.

அன்றாடப் பிழைகள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கிட் புஷ் செய்தால் டேகுகள் தாமாகப் போகாது. மூல நிரல் கிளையும், டார்பாலை அப்படியே மீட்டெடுக்க உதவும் பிரிஸ்டைன்-டார் கிளையும்கூட, கேட்காமல் போகாது. டெபியன் கிளையை மட்டும் அனுப்பிவிட்டு உறங்கப் போனால், மறுநாள் குழுவில் வேறொருவரால் பொதியைக் கட்ட முடியாது. பதிவேற்றம் ஏற்கப்படும் முன்பே டேக் போட்டு வெளியே அனுப்பி, பிறகு அதே பெயரில் வேறு கமிட்டுக்கு டேகை நகர்த்தினால், முன்பே இறக்கியவர்களிடம் பழைய டேக்தான் இருக்கும், அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. கட்டும்போது உண்டாகும் கோப்புகளையும் குவில்ட்டின் டாட்-பிசி அடைவையும் கமிட் செய்யாதீர்கள். பழைய 1.0 வடிவத்தில் மூல டார்பால் பக்கத்தில் இல்லாமல் கட்டினால், கருவி அதை டெபியனுக்கே உரிய பொதி என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடும். மூல நிரல் எது, நம் மாற்றம் எது என்ற கோடே அழிந்துபோகும். ஆர்ச்சின் பயனர் களஞ்சியமான ஏயுஆரில், பொதி கட்டும் செய்முறைக் கோப்பான பிகேஜிபில்டைத் திருத்திவிட்டு, அதன் தகவல் கோப்பான டாட்-எஸ்ஆர்சிஇன்ஃபோவைப் புதுப்பிக்க மறப்பது தினமும் நடக்கிறது. பதிப்பெண்ணை உயர்த்தினால் வெளியீட்டெண்ணான பிகேஜிரெல்லை 1-க்குத் திருப்ப வேண்டும், சரிபார்ப்புத் தொகையை மாற்ற வேண்டும், இரண்டும் ஒரே கமிட்டில் போக வேண்டும்.

சேஞ்ச்லாகைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கமிட் தலைப்புகளை எல்லாம் திரட்டி அப்படியே சேஞ்ச்லாகாக ஆக்கித் தரும் கருவி இருக்கிறது. திரட்டட்டும். ஆனால் அதை அப்படியே அனுப்பாதீர்கள். கமிட் செய்தி இன்னொரு பராமரிப்பாளருக்கு எழுதுவது. சேஞ்ச்லாக், இந்தப் புதிய பதிப்பை என் சர்வரில் ஏற்றலாமா என்று நள்ளிரவில் யோசிக்கும் ஒரு நிர்வாகிக்கு எழுதுவது. எழுத்துப்பிழை திருத்தம், முந்தைய கமிட்டை விலக்குதல், மறுபடி முயற்சி என்ற பத்து வரிகளுக்கு நடுவே, இயல்பிருப்பு அமைப்பு மாறிவிட்டது என்ற ஒரு வரி புதைந்து கிடந்தால் அவருக்கு நாம் துரோகம் செய்கிறோம்.

நிலைப் பதிப்புக்கான கிளைகள் இன்னொரு கண்ணி. டெபியன் 12-க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பும்போது 1.2-3+டெப்12யு1 என்பது போன்ற எண் வரும். அது அடுத்த வெளியீட்டில் இருக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதே திருத்தம் முன்னணிக் கிளையிலும் இருக்க வேண்டும். பழைய கிளையில் மட்டும் திருத்திவிட்டு மறந்தால், கணினியைப் பொறுப்பாக மேம்படுத்துகிற பயனர்தான் ஓட்டை உள்ள பொதிக்குப் போய்ச் சேருவார். முதலில் முன்னணிக் கிளையில் திருத்துங்கள். அங்கிருந்து அந்தக் கமிட்டைப் பொறுக்கி எடுத்துப் பழைய கிளைக்குக் கொண்டுவாருங்கள், எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்ற குறிப்போடு.

வரலாற்றைத் திருத்தி எழுதுவது பற்றியும் ஒரு சொல். வீடு வாங்குகிறவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார், அதில் முப்பது வருடத்துப் பதிவுகளும் இடைவெளியின்றி இருந்தால்தான் நம்பிப் பணம் கொடுக்கிறார். பொதுக் களஞ்சியத்தின் கமிட் வரிசையும் அப்படிப்பட்ட பத்திரம். உங்கள் கணினியில், இன்னும் யாரும் பார்க்காத கிளையில் எத்தனை முறை வேண்டுமானாலும் அடுக்கி மாற்றி அழகுபடுத்துங்கள், அது நல்ல பழக்கமும்கூட. பொதுவில் வைத்த பிறகு கட்டாயப் புஷ் கூடாது. ஏயுஆர் அதை அனுமதிப்பதே இல்லை. ஃபெடோராவில் தானியங்கி வெளியீட்டெண் பயன்படுத்தும் பொதிகளில், கடைசிப் பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு எத்தனை கமிட்டுகள் என்பதிலிருந்தே வெளியீட்டெண் பிறக்கிறது. அங்கே வரலாற்றைச் சுருக்கினால் பயனருக்குப் போகும் எண்ணே பின்னோக்கிப் போய்விடும்.

கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ கமிட்டில் போய்விட்டது, அதற்காவது வரலாற்றை அழிக்கலாம் அல்லவா என்பார்கள். வெளியே போன ரகசியம் போனதுதான். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள், களஞ்சியத்தைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்க்கலாம். கணக்கே பிறர் கைக்குப் போவதும் உண்டு. 2018 ஜூன் 28 அன்று ஜென்டூவின் கிட்ஹப் கணக்குக்குள் ஒருவர் நிர்வாகியின் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, பயனர்களின் கோப்புகளை அழிக்கும் கட்டளைகளை அங்கிருந்த களஞ்சியங்களில் செருகினார். அங்கிருந்தது நகல் மட்டுமே. பிரதான களஞ்சியம் ஜென்டூவின் சொந்த சர்வரில் இருந்ததால் தப்பியது. எது மூலம், எது நகல் என்பது தெளிவாக இருந்த திட்டத்தால் சில நாட்களில் எழுந்து நிற்க முடிந்தது. உங்கள் கமிட்டுகளிலும் டேகுகளிலும் கையொப்பமிடுங்கள், கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள் என்பதோடு இதை விடுகிறேன்.

இந்தப் பேச்சு யாருக்கு என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். பராமரிப்பாளர்களுக்கு மட்டுமல்ல, பயனர்களுக்கும்தான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனின் மேல் எழுந்தது. டெபியனில் ஒருவர் தவறவிடும் ஒரு பேட்ச், அவர் பெயரே கேள்விப்படாத ஒருவரின் கணினிக்கு அந்த வழியாகவும் வந்து சேரும். பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாமல், வேலை முடிந்த இரவுகளில் இதைச் செய்கிறார்கள். ஆள் போதவில்லை. பராமரிக்க ஆளின்றி அநாதையாக விடப்பட்ட பொதிகளின் பட்டியலை டெபியன் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் மூலப்பொதியை ஏபிடி வழியாக இறக்கி, டெபியன் அடைவுக்குள் இருக்கும் பேட்ச் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். காரணம் எழுதாத பேட்சோ, மூலத் திட்டத்துக்கு அனுப்பாத பேட்சோ கண்ணில் பட்டால், அதைப் பற்றி அந்தப் பொதியின் பிழைப் பட்டியலில் மரியாதையாக ஒரு குறிப்பு எழுதுங்கள். முடிந்தால் நீங்களே அதை மூலத் திட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த வாரமே தொடங்கலாம்.